ஞாயிறு மாலை வந்தால் மனம் கலங்குகிறதா?



ஞாயிற்றுக்கிழமை. காலையில் எண்ணெய்க் குளியல் ஆயிற்று. மதியம் கறிக்குழம்புச் சாப்பாடும் ஆயிற்று. கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் மணி ஐந்து. காப்பித் தம்ளரைக் கையில் வாங்கும்போதே நெஞ்சில் ஏதோ கனக்கிறது. "அட, நாளைக்குத் திங்கக்கிழமை!" என்ற நினைப்பு வந்ததும் காப்பி கசந்துவிடுகிறது. வீட்டில் யார் எது கேட்டாலும் எரிச்சல் வருகிறது. இரவு படுத்தால் தூக்கம் இல்லை. புரண்டு புரண்டு படுத்து, விடியும் நேரத்தில் கண் அயர்ந்தால் அலாரம் அடிக்கிறது.

இது உங்கள் வீட்டிலும் நடக்கிறதா? அப்படியானால் இந்தப் பிரசுரம் உங்களுக்காகத்தான்.

"ஞாயிறு" என்று இங்கே சொல்வது வார விடுமுறை நாளைத்தான். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவருக்குச் செவ்வாய்க்கிழமை இரவு இப்படி இருக்கலாம். ஷிப்ட் முறையில் வேலை செய்யும் நர்ஸுக்கு எந்தக் கிழமையிலும் வரலாம். கிழமை எதுவானாலும் கலக்கம் ஒன்றுதான்.

இது நோயா?

பெரும்பாலானவர்களுக்கு இது நோயல்ல. வரப்போகும் ஒன்றை நினைத்து மனம் முன்கூட்டியே பயப்படுகிறது. மனம் பயந்தால் உடம்பும் தயாராகிறது. சிறுநீரகத்தின் மேல் உள்ள சிறு சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. வயிறு கலங்குகிறது. உள்ளங்கை வேர்க்கிறது. எதிரே பாம்பு வந்தால் ஓடுவதற்கு உடம்பு செய்யும் ஏற்பாடு இது. ஆனால் ஞாயிறு மாலை எதிரே பாம்பு இல்லை, நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே அந்த வேகம் போக வழியில்லாமல் உள்ளேயே சுழல்கிறது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார்கள். என்னவென்று தெரியாத பயம்தான் பெரிய பயம். ஆகவே பயத்தை அமுக்கிவிட முயலாதீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள்.

ஒரு தாயாரின் கதை

பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாயார் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். வயது நாற்பது இருக்கும். "நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க. செத்துப் போயிருவனோன்னு இருக்குதுங்க" என்றார். டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்தார், இ.சி.ஜி. எடுத்தார், இரத்தச் சோகை உண்டா என்று பார்த்தார், தைராய்டும் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது.

பிறகு என்னிடம் அனுப்பினார்கள். "எந்த நேரத்தில் வருது?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை பொழுது சாயறப்பத்தானுங்க" என்றார். "திங்கக்கிழமை காலையில போனதும் முதல்ல என்ன நடக்கும்?" என்று கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. போன வாரம் திரும்பி வந்த பீஸ்களை எல்லோர் முன்னாலும் மேசையில் கொட்டி, சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசுவாராம். "என் மவ வயசுப் புள்ளைங்க முன்னாடி பேசறாருங்க" என்றார்.

நான்கு மாதமாக அவர் தேடிய வியாதி இதயத்தில் இல்லை. அந்த மேசையில் இருந்தது. அவர் என்ன செய்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வேர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி இருந்தால் "திங்கக்கிழமை பயம்" என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மற்றதைத் தேட வேண்டும்.

மூன்று இடத்தில் தேடுங்கள்

ஞாயிறு மாலைக் கலக்கம் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, உடம்பு. இரண்டு, வீடு. மூன்று, வேலை செய்யும் இடம். சிலருக்கு மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

1. உடம்பு

சனிக்கிழமை இரவு ஒரு மணி வரை செல்போன் பார்க்கிறோம். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு எழுகிறோம். மதியம் பிரியாணி சாப்பிட்டு மூன்று மணி நேரம் தூங்குகிறோம். ஆறு மணிக்குப் பெரிய தம்ளரில் டீ. அன்று இரவு பத்து மணிக்குப் படுத்தால் தூக்கம் எப்படி வரும்?

மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை வெளிச்சத்தைப் பார்த்து அது தன் மணியைச் சரி செய்துகொள்கிறது. இரண்டு நாள் தாமதமாக எழுந்தால் அந்தக் கடிகாரம் பின்தங்கிவிடும். அப்போது ஞாயிறு இரவு பத்து மணி, உடம்புக்கு எட்டு மணி போலத்தான் இருக்கும். தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது மனம் திங்கட்கிழமையைப் பிடித்து மெல்ல ஆரம்பிக்கிறது. "பயத்தால் தூக்கம் வரவில்லை" என்று நினைக்கிறோம். பாதிப் பேருக்குக் கதை தலைகீழாகவும் இருக்கலாம்: தூக்கம் வராததால் பயம் வந்திருக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள்:

ஞாயிற்றுக்கிழமையும் வழக்கமான நேரத்துக்கே எழுந்திருங்கள். மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரம் தாமதமாகலாம். பகல் தூக்கம் அரை மணி நேரம் போதும். மூன்று மணிக்குள் எழுந்துவிடுங்கள். காப்பி, டீயை மதியத்தோடு நிறுத்துங்கள். மாலை ஐந்து மணிக்குக் குடித்த காப்பியின் வீரியத்தில் ஏறக்குறையப் பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் தங்கியிருக்கும். வெயில் தாழ்ந்ததும் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். ஓடுவதற்காக உடம்பு சேர்த்து வைத்த வேகம் நடையில் கழிந்துவிடும்.

படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். செல்போனையும் தொடாதீர்கள். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பத்து முறை செய்தால் படபடப்பு தணியும். தூக்கம் கண்ணைச் சுற்றும்போது மறுபடி படுங்கள்.

2. வீடு

நம் நாட்டில் வார விடுமுறை சும்மா வந்துவிடவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890-ஆம் ஆண்டில்தான். நாராயண் மேகாஜி லோகண்டே அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். ஆனால் அந்த விடுமுறை பல வீடுகளில் அடுப்படி வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாவுக்கு என்ன வேலை? வாரத் துணி முழுதும் துவைக்க வேண்டும். இட்லிக்கு மாவு ஆட்ட வேண்டும். விருந்தாளி வந்தால் தனிச் சமையல். மாலையில் பிள்ளைகளின் யூனிபார்ம் இஸ்திரி, வீட்டுப்பாடம், மறுநாள் டிபன் டப்பாவுக்கு என்ன என்ற கவலை. அவரும் வேலைக்குப் போகிறவராக இருந்தால், ஓய்வே இல்லாத ஒரு நாளிலிருந்து நேராகத் திங்கட்கிழமைக்குள் போகிறார். அவருக்கு மாலையில் கோபம் வருவதில் ஆச்சரியம் இல்லை. "ஞாயித்துக்கிழமைன்னாலே இவளுக்கு மூஞ்சி மாறிடும்" என்று சொல்லும் கணவர்மார் அன்று காலை முதல் அவர் எத்தனை முறை உட்கார்ந்தார் என்று எண்ணிப் பாருங்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் செய்யும் வேலைகளைச் சனிக்கிழமைக்கோ ஞாயிறு காலைக்கோ மாற்றுங்கள். யூனிபார்ம், ஷூ, பஸ் பாஸ், அடையாள அட்டை, வண்டிச் சாவி எல்லாம் வைக்க ஒரே இடம் இருக்கட்டும். ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, துணி மடிப்பது, காய் நறுக்குவது ஆகியவற்றை ஆண்களும் பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை சமையல் எளிதாக இருக்கட்டும்; அன்று தக்காளி சாதமும் அப்பளமும் போதும் என்று வீடே ஒப்புக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். சில வீடுகளில் திங்கட்கிழமை பயம் வேலையைப் பற்றியதல்ல. அன்று குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டியிருக்கும். அல்லது வட்டிக்காரர் வருவார். பணக் கவலையை ஒருவர் மட்டும் மறைத்து வைத்துக்கொண்டால் அது கோபமாக வெளியே வரும். கணவனும் மனைவியும் சனிக்கிழமை பகலிலேயே உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். இரவு படுக்கையில் பணப் பேச்சு வேண்டாம்.

3. வேலை செய்யும் இடம்

இங்கேதான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். வேலை இடத்தில் உண்மையான தொல்லை இருக்கும்போது, "மனசைத் தைரியமா வச்சுக்க" என்று சொன்னால் மட்டும் போதாது. முள் குத்தியிருந்தால் முள்ளை எடுக்க வேண்டும். தைலம் தடவிப் பயனில்லை.

வேலை நேரம் அதிகமா? தொழிற்சாலை வேலைக்கு வாரம் 48 மணி நேரம் என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நாம் அறிந்த அளவு. அதற்கு மேல் செய்தால் இரட்டிப்புக் கூலி. ஆனால் "ஒன்றரை ஷிப்ட்" நாள்தோறும் பழக்கமாகிவிட்ட இடங்கள் உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. ஆகவே "முடியலை" என்று உடம்பு சொல்வதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளாதீர்கள்.

நாள் முழுதும் நின்றே வேலை செய்கிறீர்களா? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. கேட்பது உங்கள் உரிமை.

பெண்களுக்கு ஆபாசப் பேச்சு, தொடுதல், இரட்டை அர்த்தப் பேச்சு போன்ற தொல்லை இருக்கிறதா? 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய இடமானால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். பெண்கள் உதவி எண் 181.

விடுமுறை நாளிலும் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துகொண்டே இருக்கிறதா? "சார், ஞாயித்துக்கிழமை அவசரம்னா போன் பண்ணுங்க, எடுத்துர்றேன். மெசேஜைத் திங்கக்கிழமை காலையில பார்த்துடறேன்" என்று மரியாதையாக ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பல மேலதிகாரிகள் ஒப்புக்கொள்வார்கள். கேட்காததால்தான் அவர்களும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அந்தத் தாயாரிடம் வருவோம். அவர் தனியாகப் போய்ப் பேசப் பயந்தார். ஆகவே அதே மேசையில் வேலை செய்யும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மானேஜரிடம் போனார். சூப்பர்வைசரைப் பற்றிக் கோள் சொல்லவில்லை. "பீஸ் திரும்பி வந்தா எது தப்புன்னு அவங்கவங்க கிட்டயே காட்டிச் சொல்லச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் பேச வேண்டாமுங்க" என்று மட்டும் கேட்டார்கள். இரண்டு வாரத்தில் அந்தப் பழக்கம் மாறியது. அவருடைய படபடப்பு முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போது அது என்னவென்று அவருக்குத் தெரியும். இரவு தூங்குகிறார்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. வேலையே போய்விடும் என்ற பயம் உள்ளவர்கள் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ முதலில் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். உடனே ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். யாரிடமும் சொல்லாத தொல்லைதான் ஞாயிறு மாலையில் நெஞ்சை அடைக்கிறது.

ஒரு பழைய நோட்டு போதும்

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பழைய நோட்டில் மூன்று தலைப்புப் போடுங்கள்:

நாளை காலையே செய்ய வேண்டியது.
இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது.
என் கையில் இல்லாதது.

மனதில் சுழல்வதையெல்லாம் இந்த மூன்றில் ஒன்றின் கீழே எழுதுங்கள். "மேனேஜர் என்ன சொல்வாரோ" என்பது மூன்றாவது. "பில் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும்" என்பது முதலாவது. திங்கட்கிழமை போனதும் செய்யும் முதல் வேலை சிறியதாகவும் சுலபமாகவும் இருக்கட்டும். எழுதி முடித்ததும் நோட்டை மூடி வைத்துவிடுங்கள். இரவு மறுபடி நினைப்பு வந்தால், "அது நோட்டில இருக்கு" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இது சும்மா சொல்வதல்ல. அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியாயிற்று. படுக்குமுன் ஐந்து நிமிடம், இனிமேல் செய்ய வேண்டியதை எழுதி வைத்தவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம்.

மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டார் எல்லோரும் விரும்பும் ஒரு சிறிய காரியம் வைத்துக்கொள்ளுங்கள். தாயம், கேரம், கோயிலுக்கு நடை, மொட்டை மாடியில் நிலாச் சோறு, எதுவும் ஆகலாம். விடுமுறை ஐந்து மணிக்கே முடிந்துவிடவில்லை. இரவு வரை அது நம்முடையதுதான்.

இவற்றைச் செய்யாதீர்கள்

குடி வேண்டாம். "ரெண்டு பெக் போட்டாத்தான் தூக்கம் வருது" என்பார்கள். மது முதலில் கண்ணைச் சொக்க வைக்கும். நடு இரவுக்கு மேல் தூக்கத்தைக் கலைக்கும். விழிக்கும்போது நாக்கு வறண்டு, நெஞ்சு படபடக்கும். திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது, கூலி போகும். அடுத்த ஞாயிறு பயம் இன்னும் பெரிதாகும். நாள்தோறும் அதிகமாகக் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். ஆகவே அரசு மருத்துவமனை டாக்டரைக் கேட்டே நிறுத்துங்கள்.

தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததையும் சாப்பிடாதீர்கள்.

எரிச்சலை மனைவி மேலும் பிள்ளைகள் மேலும் காட்டாதீர்கள். "எனக்கு நாளைய நினைப்பு வந்துடுச்சு, கொஞ்ச நேரம் விடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிச் சண்டை வராது.

பிள்ளைகளுக்கும் வரும்

ஞாயிறு இரவு, "அம்மா, வயிறு வலிக்குது" என்று பிள்ளை சொன்னால் "பொய் சொல்றியா?" என்று அடிக்காதீர்கள். வலி நிஜம்தான், காரணம்தான் வயிற்றில் இருக்காது. ஒவ்வொரு வாரமும் பள்ளிக்கு முந்தின நாள் மட்டும் வந்தால், மடியில் உட்கார வைத்து மெதுவாகக் கேளுங்கள். கணக்கு புரியவில்லையா? பெரிய பையன்கள் மிரட்டுகிறார்களா? பள்ளி வேனில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா? யாராவது தகாத இடத்தில் தொட்டார்களா? ஆசிரியர் அடிக்கிறாரா? பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிள்ளை சொல்வதை நம்புங்கள். உதவிக்கு 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஞாயிறு மாலை மட்டும் வந்து திங்கள் மதியத்துக்குள் போய்விடும் கலக்கத்துக்கு மேலே சொன்னவை போதும். ஆனால் கலக்கம் எல்லா நாளும் இருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, பிடித்த காரியத்திலும் மனம் ஒட்டாவிட்டாலோ, வேலைக்கே போக முடியாமல் அடிக்கடி லீவு போட்டாலோ, டாக்டரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் பார்க்கிறார், கட்டணம் இல்லை. இது பைத்தியத்துக்கான வைத்தியம் என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம்.

"திங்கக்கிழமை விடியாமலே போயிட்டா நல்லாயிருக்கும்", "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று வீட்டில் யாராவது சொன்னால், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல வழி கிடைத்ததே என்று அவருக்கு ஆறுதலாகவே இருக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, எலி மருந்து, மாத்திரைகளை எட்டாமல் பூட்டி வையுங்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரமும் போன் செய்யலாம். தமிழிலேயே பேசுவார்கள். 104-லும் பேசலாம்.

மறவாதீர்கள்

உடம்பா, வீடா, வேலை இடமா என்று முதலில் தேடுங்கள்.
உடம்பானால் தூங்கும் நேரத்தைச் சீராக்குங்கள்.
வீடானால் வேலையைப் பங்கிடுங்கள்.
வேலை இடமானால் துணை சேர்த்துக்கொண்டு பேசுங்கள்.
குடியும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.
தாங்க முடியாவிட்டால் 14416.

இந்தப் பிரசுரத்தைப் படித்து முடித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். வரும் ஞாயிறு மாலை காப்பி குடிக்கும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "நாளைக்கு நினைச்சா உனக்கு எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும் வரை பொறுத்திருங்கள்.